காலுக்குத் தைத்த வீடு

எனக்குக் கோணல் ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் டவுனில் தையல் கடை வைத்திருந்தேன். எதிர்ச்சாரியில் ஒருத்தர் நடந்து போனால், அவர் சட்டையின் இடது தோள் அரை விரல் இறங்கியிருப்பது கடையிலிருந்தே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு சும்மா இருக்கவும் முடியாது, கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். அதனால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. கிடக்கட்டும். இது என் கதை இல்லை, எங்கள் வீட்டு டிரைவருடைய கதை. கோணலை நிமிர்த்தப் போய் நான் அவரைக் கீழே விழவைத்ததும் இதில் வரும். அதை மறைக்க மாட்டேன்.

டிரைவர் என்றால் என் வீட்டுக்காரர்தான். எல்லோரும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. அவர் என்னை டெய்லரம்மா என்பார். இருபத்தேழு வருடம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டினார். நாற்பத்தொரு நிறுத்தம். எந்த வளைவில் மழைத்தண்ணீர் தேங்கும், எந்தப் பாலத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் யார் கடைசி நிமிஷத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள், எல்லாம் அவர் உடம்பில் இருந்தது. லீவு நாளில் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாரென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதே தடத்தில் ஒரு நடை போய் வருவார். கால் லேசாக அமுங்கும். கை கியரைத் தேடும். நான் துணி வெட்டிக்கொண்டே, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பேன். மரக்கடை தாண்டிவிட்டேன் என்பார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால், பாலத்தில் மாடுகள் குறுக்கே நிற்கின்றன, ஐந்து நிமிஷம் லேட்டு என்பார். அவர் ஸ்டாண்டுக்கு வந்து சேரும்வரை நான் மெஷினை மிதிக்க மாட்டேன். எங்கள் மத்தியானங்கள் அப்படித்தான் போயின.

ஒரு நாள் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைக் கம்பத்தில் இடித்துக்கொண்டு வந்தார். அதே மாதம் இன்னொரு முறை. இருபத்தேழு வருடத்தில் ஒரு கீறல் போடாத மனுஷன். கம்பம் திடீரென்று முளைத்த மாதிரி இருந்தது என்றார்.  கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கி வருகிறது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் இப்போதைக்கு நன்றாகத் தெரியும். அந்த வட்டமும் சின்னதாகிக்கொண்டே போகும். ஒரு வருடம் இருக்கலாம், ஒன்றரை வருடம் இருக்கலாம். மருந்து இல்லை.  டிரைவர் வெளியே வந்து படியில் நின்று, எதிரே போன பஸ்ஸின் நம்பரை வாய்விட்டுப் படித்தார்.

மறுநாளே வேலையை விட்டு இறங்கினார். நாங்கள் இருந்தது மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீடு. அலமாரி முனை, ஸ்டூல், என் மெஷினின் மிதிகட்டை, எதையும் அவர் விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டார். அவர் எழுந்தாலே நான் "பாத்து, பாத்து" என்று ஆரம்பித்துவிடுவேன். வாய் என் பேச்சைக் கேட்காது. ஒரு நாள் அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எப்போதும் அதிர்ந்து பேசாதவர், அன்றைக்கும் அதிர்ந்து பேசவில்லை.

"நீ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் நான் நடக்கிற நாள் மட்டும் வரக்கூடாது. வேற எது வந்தாலும் வரட்டும். தோட்டத்து வீட்டுக்குப் போயிடலாம். அங்க எனக்குக் கண்ணே வேண்டாம்."

தோட்டத்து வீடு அவர் பிறந்து வளர்ந்தது. தோட்டத்து வீடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். முன் அறை, நடு அறை, சமையலறை, பின்னால் ஒரு கிணறு, நான்கு பக்கமும் வயல். மாமியார் போன பிறகு ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் நான் அங்கே குப்பை கொட்டியிருக்கிறேன். எனக்கு நினைவில் இருந்ததெல்லாம் மூன்று நிலைப்படிகள்தான். வாசலில் ஒன்று, நடு அறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. மூன்றும் மூன்று உயரம். கட்டினவன் கண்ணை எங்கே வைத்திருந்தானோ தெரியாது. கையில் பாத்திரத்தோடு போனால் கால் கட்டைவிரலை நச்சென்று பதம் பார்க்கும். நடு அறைத் தரை பின்பக்கம் சாய்ந்திருக்கும், பயறு கொட்டினால் கதவுவரை உருண்டு ஓடும். சமையலறைக் கதவோ இடுப்பை வளைத்தால்தான் விடும்.

இரண்டு பேரும் பூட்டைத் திறந்து உள்ளே போன நாள் நினைவிருக்கிறது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் வழியே விழுந்த வெயில் நடு அறைத் தரையில் சதுரமாகக் கிடந்தது. ஒன்பது வருடத் தூசி அந்த வெளிச்சத்துக்குள் மெதுவாக எழுந்து இறங்கியது. நான் ஒட்டடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். டிரைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு அறை அறையாகப் போனார், வந்தார். கிணற்றடிக்குப் போய் ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினார். எங்கேயும் இடிக்கவில்லை. மனுஷன் சந்தோஷத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, வேறு ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டைப் பிரித்துப் புதுப்பிக்கிற வேலையைப் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று பிடித்துக்கொண்டேன். இனிமேல் தான் பார்க்கப் போவது கொஞ்சம்தான், அதில் கூரை இல்லாத வீடு ஒன்று போய் உட்கார்ந்துகொண்டால் அப்புறம் அதை அழிக்க வழி இருக்காது என்றார்.  டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நானே கிளம்பினேன். தினமும் காலையில் முதல் பஸ். அவருடைய தடத்துப் பஸ்தான், ஸ்டியரிங்கில் வேறு ஆள்.

மேஸ்திரி நல்ல வேலைக்காரர், வாயும் அதற்குச் சமமாக நீளம். முதல் நாளே உத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது மரம் இல்லை, கறையான் கட்டின வீடு, கறையானிடம் வாடகைக்கு இருந்திருக்கிறீர்கள் என்றார். விரலால் குத்தினால் மரம் மாவாக உதிர்ந்தது. கூரையை மொத்தமாக இறக்கினோம். இறக்கின மூன்றாம் நாள், வரக்கூடாத மாதத்தில் மழை வந்தது. நாலு நாள் விடாமல் வீட்டுக்குள் பெய்தது. வடக்குச் சுவரில் பாதி, களைத்துப்போனவன் உட்காருகிற மாதிரி சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நடு அறையில் நின்று அழுதேன். பார்க்க யாருமில்லை என்பதால் வாய்விட்டே அழுதேன்.

பிறகு நல்ல நாட்களும் வந்தன. நனைந்த சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தபோது அடியில் ஒரு நீலம் தெரிந்தது. வெள்ளைக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் அந்த நீலம். அன்றைக்குப் போய் டிரைவரிடம் சொன்னேன். அவர் சின்னவனாக இருந்தபோது அவர் அப்பா அடித்த நிறம் என்றார். சாயங்காலம் மழைக்கு முன்னால் வானம் இருக்கிற நிறமா என்று கேட்டார். அதுதான் என்றேன். முடிந்தால் அதையே அடிக்கச் சொல் என்றார். கடையில் கலந்து கலந்து பார்த்து, எட்டாவது டப்பாவில் அந்த நீலத்தைப் பிடித்தேன்.

மேஸ்திரி நடுவில் பதினெட்டு நாள் தண்ணி காட்டினார். மச்சினன் வீட்டுக்கு அடித்தளம் போடப் போயிருந்தாராம். நான் அந்த மச்சினன் வீட்டுக்கே போய், போட்டிருந்த கல் வரிசையில் முக்கால் விரல் கோணல் இருப்பதை டேப்பு வைத்துக் காட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை மேஸ்திரி எங்கள் வீட்டுச் சாரத்தில் நின்றார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். கண் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். பார்வை குறைந்தவர்கள் இருக்கிற வீட்டில் தரை சமமாக இருக்கட்டும், படிகள் வேண்டாம், கதவுகள் அகலமாக இருக்கட்டும் என்று. நல்ல தாள்தான், நல்ல யோசனைதான். நான் அதைச் சுவரில் ஒட்டிவைத்து வரிக்கு வரி வேலை வாங்கினேன். மேஸ்திரிக்கு ஒரே குஷி. ரசமட்டத்தை வைத்து வைத்துக் காட்டினார், அதற்குள் குமிழி நடுவில் அசையாமல் நின்றது. நடு அறைச் சாய்வை நிரப்பினோம். சமையலறைக் கதவை உயர்த்தினோம். மூன்று நிலைப்படிகளையும் கடப்பாரையால் பெயர்த்தோம். என் கட்டைவிரலை எத்தனையோ முறை பதம் பார்த்த கல் உடைந்தபோது, உண்மையைச் சொன்னால், சிரித்தேன். உடைத்த கல்லைப் புதிதாகக் கட்டின குளியலறையின் தரைக்கு அடியில் கொட்டி நிரப்பினார்கள். வாசலிலிருந்து கிணற்றடிவரை ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். என் கையால் தைத்த எந்தத் துணியும் அவ்வளவு நேராக வந்ததில்லை.

டிரைவரைக் கூட்டி வந்த நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் வெளியே நின்று வீட்டைப் பார்த்தார். பார்வை வட்டம் அதற்குள் ஒரு சொம்பு வாய் அளவுக்கு வந்திருந்தது. அதனால் ஓடு ஓடாக, ஜன்னல் ஜன்னலாக, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். நீலத்தைப் பார்த்ததும் கண் கலங்கியது. அதை மறைக்கக்கூட இல்லை. பிறகு வாசலுக்கு வந்து வலது காலைத் தூக்கி வைத்தார். கால் எதிர்பார்த்த உயரத்தில் ஒன்றுமில்லை. தொப்பென்று தரையில் இறங்கியது. உடம்பு முழுக்க ஒரு முறை குலுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார். பழக்க தோஷம் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நடு அறை வாசலிலும் அதேதான். சமையலறைக் கதவில் காலைத் தூக்கியபடியே குனிந்தார், குனிந்த வேகத்தில் முன்னால் போய் அடுப்பு மேடையில் நெற்றியை இடித்துக்கொண்டார். புருவத்தில் ரத்தம். மூன்றாம் நாள் நடு அறையில், சாய்வு இருந்த இடத்தில் உடம்பைப் பின்னால் தள்ளி நடந்து மல்லாந்து விழுந்தார். சமமான தரையில், ஒன்றுமில்லாத இடத்தில், பட்டப்பகலில். நான் துணியை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டே, கொஞ்சம் கவனமாக நடந்தால் என்ன என்று கத்தினேன். பயத்தில் கத்தினேன். அவருக்கு அது பயமாகக் கேட்டிருக்குமா?

அதற்குப் பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய் வருவதைத் தவிர, நாற்காலியை விட்டு எழவில்லை. பஸ்ஸும் ஓட்டவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்டால், இங்கேதான் என்பார். வீடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்பார். அவ்வளவு வேலை செய்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு, வயிறு எரிந்து கிடந்தேன். பதினோராம் நாள் காலை அவர் கையை நீட்டினார். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, மெதுவாக, குளியலறைக்குப் போகணும், கையைக் குடு என்றார். நான் கையைக் கொடுத்தேன். கூட்டிக்கொண்டு போனேன். திரும்பக் கூட்டி வந்து உட்காரவைத்தேன்.  கிணற்றடிக்குப் போய் நின்றேன்.  எந்த நாள் வரக்கூடாது என்று வீட்டைக் கட்டினேனோ, அந்த நாளை நானே கட்டிக் கூப்பிட்டு வந்திருந்தேன்.

அன்று மத்தியானம் மெஷினில் உட்கார்ந்திருந்தேன், தைக்கவில்லை. நான் வெளியே போய்விட்டேன் என்று நினைத்திருப்பார். மெல்ல எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடு அறைக்கு வந்தார். வாசலில் அவர் கால் எழும்பியது. தேடவில்லை, தடுமாறவில்லை. ஒரே மாதிரி, அளவாக எழும்பி, இல்லாத ஒன்றைத் தாண்டி, பாதத்தை அடக்கிக்கொண்டு இறங்கியது. திரும்பிப் போகும்போதும் அதே இடம், அதே உயரம். என்னிடம் சட்டை வாங்கிக்கொண்டு போனவர், கை தூக்க முடியவில்லை என்று வந்து நின்றால், நான் என்ன அவர் கையையா குறை சொல்வேன்? எனக்குச் சட்டென்று விளங்கியது. அவர் நடை சரியாகத்தான் இருந்தது. என் தையல்தான் தப்பு.

"என்னங்க, நான் உங்களை அளவெடுக்கவே இல்லையே" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று தேடினார். போய்ப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நிலைப்படிகளைத் திரும்ப வைக்கிறேன், சாய்வைத் திரும்பக் கொண்டுவருகிறேன், கதவைத் தாழ்த்துகிறேன் என்றேன். இவ்வளவு செய்தபின் மறுபடியுமா என்றார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். நீ அவ்வளவு ஆசையாகக் காட்டினாய் என்றார். ஆசையாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் பழைய உயரம் யாருக்குத் தெரியும்? கல் குளியலறைக்கு அடியில் தூளாகக் கிடந்தது. நாத்தனாரை வரவழைத்தேன். டிரைவருக்கு மூத்தவர், அந்த வீட்டில் இருபது வருடம் இருந்தவர். நிலைப்படி எவ்வளவு உயரம் அண்ணி என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். நான் முறைத்தேன். சின்ன வயதில் அப்படித்தான் இருந்தது என்று சாதித்தார். அப்புறம் கையை இறக்கி இறக்கிக் கணுக்காலுக்கு வந்து, எனக்கென்ன தெரியும், காலுக்குத்தானே தெரியும் என்றார். ஆமாம், காலுக்குத்தான் தெரியும். அந்தக் கால்கள் டிரைவரின் நாற்காலிக்கு முன்னால் இருந்தன.

மறுநாள் காலை பத்து மணி. கண்ணாடி ஓட்டு வெயில் தரையில் விழுந்து மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. டிரைவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். முன் அறையில் நிற்கவைத்து, பஸ்ஸை எடுங்கள் என்றேன். எந்த பஸ் என்றார். வாசலிலிருந்து கிணற்றடிவரை போகிற பஸ் என்றேன். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. கை கியரைத் தேடியது. பிறகு புறப்பட்டார். நான் துணியில் கோடு போடுகிற சாக்பீஸோடு தரையில் மண்டிபோட்டபடி அவர் பின்னாலேயே போனேன். கால் எங்கே எழும்பியதோ அங்கே ஒரு கோடு, எங்கே இறங்கியதோ அங்கே ஒரு கோடு. தலை எங்கே குனிந்ததோ அங்கே சுவரில் ஒரு கோடு. ஒரு நடை இல்லை, பதினைந்து நடை. ஒவ்வொரு நடையிலும் கோடு மேல் கோடு விழுந்ததே தவிர, பக்கத்தில் விழவில்லை.

உயரத்துக்கு வாசலின் இரண்டு பக்கமும் நானும் நாத்தனாரும் உட்கார்ந்து நூலை இழுத்துப் பிடித்தோம். நூலில் கால் உரசினால் தாழ்த்துவோம், உரசாமல் போனால் ஏற்றுவோம். விரல் விரலாக ஏற்றி இறக்கி, கடைசியில் ஒரு நடையில் அவர் நின்றுவிட்டார். இதுதான், அம்மா கூப்பிட்டதும் ஓடிப்போய்த் தாண்டுகிற உயரம் இதுதான் என்றார்.  வாசலுக்கு ஐந்து விரல். நடு அறைக்கு நாலரை. சமையலறைக்கு மூன்று. நோட்டில் எழுதிக்கொண்டேன். சாய்வுக்குப் பலகைகளைப் போட்டு, அடியில் துணி மடித்து வைத்து, அவர் பாதம் போதும் என்று சொல்லும்வரை ஏற்றினோம். அவர் முகம் தூங்குகிறவர் முகம் மாதிரி இருந்தது. அந்த வீட்டில் வெயில் நகர்வதைத் தவிர வேறு எதுவும் அவசரப்படவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நடு அறையில் சுவரோரமாக வரும்போது ஓரிடத்தில் இடது பக்கம் விலகி, இரண்டடி சுற்றி, மறுபடி நேராக வந்தார். பதினைந்து நடையிலும் அப்படித்தான். அங்கே சுவர் இல்லை, தூண் இல்லை. எதற்கு விலகுகிறீர்கள் என்றால், விலகுகிறேனா என்று என்னையே கேட்டார். நாத்தனார் கையிலிருந்த நூலை விட்டுவிட்டார்.

"அப்பாவோட கட்டில்" என்றார். "ஆறு வருஷம் அங்கதான படுத்திருந்தாரு. இடிச்சா அவருக்கு வலிக்கும்னு சுத்திப் போவான்."

டிரைவருக்குப் பத்தொன்பது வயதில் அவர் அப்பா இறந்தார் என்று எனக்குத் தெரியும். இது தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்து, அவர் சட்டை அளவு தூக்கத்திலும் சொல்லக்கூடிய எனக்கு, இது தெரியவில்லை. அவர் கண்ணைத் திறக்காமலே அந்த இடத்தில் கையை நீட்டித் துழாவினார். பிறகு மெதுவாக இழுத்துக்கொண்டார். நான் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டில் அளவுக்குக் கோடு போட்டேன். 

மேஸ்திரி வந்து கோடுகளைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கிற தரையைப் பெயர்த்து வேண்டுமென்றே கோணலாகப் போடு என்று இதுவரை ஒருத்தரும் தன்னிடம் சொன்னதில்லை, நாளைக்கு நாலு பேர் பார்த்து இது எந்தக் கொத்தனார் வேலை என்று கேட்டால் தன் பெயர்தானே கெடும் என்றார். நான் வழக்கமாக இதற்கு ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பேன். அன்றைக்குக் கொடுக்கவில்லை. அவர் விழாமல் நடக்கணும் மேஸ்திரி, அவ்வளவுதான் என்றேன். மேஸ்திரி டிரைவரைப் பார்த்தார். புருவத்துக் காயம் இன்னும் ஆறவில்லை. ரசமட்டத்தை எடுத்துப் பைக்குள் போட்டு, பையை வெளியே வைத்துவிட்டு வந்தார்.

மூன்று வாரம். கோணலாகப் போடுவதுதான் கஷ்டமான வேலை என்று மேஸ்திரி கண்டுபிடித்தார். கை தானாக நேராகப் போகிறது, அதைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது என்று புலம்பினார். மூன்று முறை பெயர்த்துப் போட்டார். ஒவ்வொரு முறையும் ஈரம் காய்ந்ததும் டிரைவரை நடக்கவைத்து, தானே தரையில் மண்டிபோட்டு அவர் பாதத்தைப் பார்த்தார். கடைசியில் டிரைவர் வாசலிலிருந்து கிணற்றடிவரை போய், ஒரு வாளி தண்ணீர் இறைத்து, தளும்பாமல் கொண்டுவந்து சமையலறையில் வைத்தார். மேஸ்திரி கரணையைக் கழுவிக்கொண்டே, கெட்ட வேலையிலும் இது நல்ல வேலை என்றார். சந்தைக்குப் போய் ஒரு பழைய கட்டில் வாங்கி வந்து, கோடு போட்ட இடத்தில் போட்டேன்.

நான்கு மாதமாக இங்கேதான் இருக்கிறோம். ஜன்னல் பக்கம் மெஷினைப் போட்டுக்கொண்டேன், பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடை வேலை கிடைத்தது. காலை டீ டிரைவர்தான் போடுவார். சமையலறைக் கதவில் அளவாகக் குனிந்து, மூன்று விரலைத் தாண்டி, இரண்டு டம்ளரோடு வருவார். மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து பஸ் ஓட்டுவார். மரக்கடையும் பாலமும் பழைய இடத்திலேயே இருந்தன. கண்ணாடி ஓட்டு வெயில் கட்டிலின் கால்மாட்டில் ஏறும்போது உள்ளங்கையை அதில் வைத்துக்கொள்வார். எனக்கோ கதை பழையபடிதான். கட்டைவிரல் இரண்டு முறை நகம் கறுத்தது. ஒவ்வொரு முறையும் கட்டினவனைத் திட்ட வாயைத் திறந்து, கட்டினவள் நான்தான் என்று நினைவு வந்து மூடிக்கொள்வேன்.

போன வாரம் ஒரு நாள், தைத்து முடித்த சீருடைகளை மோவாய்வரை அடுக்கித் தூக்கிக்கொண்டு முன் அறையிலிருந்து வந்தேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்ற யோசனை. நடு அறை நிலைப்படி நாலரை விரல் என்று நோட்டில் எழுதினவள் நான், ஆனால் கால் நோட்டைப் படிக்காது. இடித்தது. அடுக்கோடு முன்னால் சாய்ந்தேன். விழவில்லை. என் முழங்கைக்குக் கீழே ஒரு கை வந்து இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. கட்டிலில் இருந்தவர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. துணி மட்டும் அறை முழுக்கச் சிதறியது.

மூச்சு வாங்க நின்றேன். வட்டம் ஒரு மிளகளவுக்கு வந்திருக்கும் என்று டாக்டர் போன முறை சொல்லியிருந்தார். அதில் எப்படி நான் விழுவதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"பாக்கல" என்றார். "உன் கால் தூக்கற சத்தம் வரல, எழுந்துட்டேன்." முழங்கையை விடாமலே சொன்னார். "எதையுமே பாத்து இருபது நாள் ஆச்சு."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. இருபது நாள். இருபது காலை டீ. கிணற்றுத் தண்ணீர், கதவு, கட்டில், வெயிலில் வைத்த கை. முந்தின நாள்கூட நீலச் சுவரில் சாய்ந்துகொண்டு, எந்தத் துணி தைக்கிறாய் என்று கேட்டார். நான் சொன்னேன். இத்தனையும் இருட்டில் நடந்திருக்கிறது, நான் பத்தடி தூரத்தில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 

"சொன்னா நீ மறுபடியும் 'பாத்து, பாத்து'ன்னு ஆரம்பிச்சுடுவ."

நான் அழுதேன். அழுகையோடு சிரிப்பும் வந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை. தரையெல்லாம் துணி கிடக்கிறது, நகரவேண்டாம், நான் எடுத்துவிடுகிறேன் என்று தத்தளித்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பக்கம் நான், நடுவில் நிலைப்படி, அந்தப் பக்கம் அவர். முழங்கையிலிருந்த அவர் கை இறங்கி என் உள்ளங்கைக்கு வந்தது.

"கையைக் குடு, டெய்லரம்மா" என்றார். "நாலரை விரல். இப்போ தூக்கு."

நான் காலைத் தூக்கி வைத்தேன்.